முதல் உலகப் போரில் நம்ம ஊர் சிப்பாய்க்குச் சம்பளம் எவ்வளவு? வெறும் 11 ரூபாய்தானா?

கோடமலை:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவோட தாத்தா முதல் உலகப் போரில் 61வது பயனியர் பட்டாளத்தில், அதாவது பாதை போட்டு அகழி வெட்டுகிற பட்டாளத்தில், சிப்பாயாக இருந்தவர். சொந்த ஊர் சத்தியமங்கலம் பக்கம். அருவங்காட்டில் வெடிமருந்து ஃபேக்டரி கட்டும்போது கல் உடைக்க மலை ஏறி வந்த குடும்பம், அங்கிருந்து அவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்துவிட்டு 1919ல் டிஸ்சார்ஜ் ஆகி வந்தார் என்பது வரைக்கும் காகிதம் இருக்கிறது. அதோடு நாலைந்து மணியார்டர் துண்டுச் சீட்டு, 1916, 1917 தேதி போட்டது, எல்லாமே 5 ரூபாய்.

வந்த கொஞ்ச நாளில் அவர் ஒரு துண்டு நிலம் வாங்கியிருக்கிறார், அது இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. சண்டை என்னவென்றால், சித்தப்பா "வெள்ளைக்காரன் மாசம் நூறு ரூபாய் கொடுத்தான், அதனாலதான் நிலம் வாங்க முடிஞ்சது" என்று அடித்துச் சொல்கிறார். அப்பா எங்கேயோ படித்துவிட்டு 11 ரூபாய் என்கிறார். 11 ரூபாயில் 5 ரூபாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தில் சாப்பிட்டு, அப்புறம் நிலமும் வாங்குவது எப்படி என்று சித்தப்பா கேட்டால் அப்பாவிடம் பதில் இல்லை. பேட்டா, சாப்பாடு, போனஸ் என்று வேறு ஏதாவது இருந்ததா? அதே காலத்தில் இங்கே நீலகிரியில் வெலிங்டன் பாளையத்தில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு என்ன கொடுத்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய குமாஸ்தா:

தம்பி, உங்கள் அப்பா சொன்னதுதான் சரி, காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 1914ல் 11 ரூபாய். நான் ராணுவக் கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல் எழுதி ஓய்வு பெற்றவன், பழைய ரூல் புத்தகங்களைப் புரட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. 1895 வரை அது வெறும் 7 ரூபாய். அந்த வருடம் 9 ஆனது, போருக்குச் சில வருடம் முன்னால் 11 ஆனது. அவ்வளவுதான் ஏறியது, கம்பெனி காலத்தில் ஆரம்பித்த 7 ரூபாயிலிருந்து இருபதாம் நூற்றாண்டுக்கு வந்து சேர்ந்த உயர்வு இது.

ஆனால் அந்த 11ஐ மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போட்டால் இரண்டு பேரும் தோற்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி, சாப்பாட்டுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது. அமைதிக் காலத்தில் பாளையத்தில் இருக்கும் இந்தியச் சிப்பாய்க்கு அரசாங்கம் சோறு போடவில்லை. அவன் தன் சம்பளத்தில் அரிசி பருப்பு விறகு எல்லாம் ரெஜிமெண்டு பஜார் கடையில் வாங்கிப் பொங்கித் தின்ன வேண்டும். தானிய விலை ஓர் அளவுக்கு மேல் ஏறினால் ஏறியதற்கு மட்டும் ஒரு ஈட்டுப்படி கொடுப்பார்கள். குடியிருப்புக்கும் இதே மாதிரி ஏற்பாடுதான், குடிசை கட்ட ஒரு தொகை கொடுத்துவிடுவார்கள், கட்டிக்கொள்வது பட்டாளத்தின் பொறுப்பு. உடுப்பிலும் ஒரு பகுதி அவன் தலையில். ஆக 11 ரூபாய் வாங்கும் சிப்பாய் கையில் மாதக் கடைசியில் என்ன நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள், கடைக்கார செட்டிக்குக் கொடுத்தது போக.

போர்முனைக்குப் போய்விட்டால் கணக்கே மாறிவிடும். அங்கே ரேஷன் இலவசம். அதன் மேல் போர்க்களப் பேட்டா என்று சிப்பாய்க்கு மாதம் 5 ரூபாய். ஆக 16 ரூபாய், சாப்பாட்டுச் செலவும் இல்லை. உங்கள் கொள்ளுத்தாத்தா இருந்தது கிழக்கு ஆப்பிரிக்கா, அங்கே இன்னொரு வசதியும் இருந்தது. பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவில் அப்போது புழங்கியதே நம் ரூபாய்தான், அதனால் மாற்று விகிதம் என்று யாரும் அவர் காசில் கடிக்கவில்லை. பிரான்ஸுக்குப் போனவர்கள் பிராங்கில் வாங்கி, அந்த ஊர் விலைக்கு ஒரு பிஸ்கட் வாங்கினாலே கை கடிக்கும்.

சீட்டில் இருக்கும் 5 ரூபாய் சம்பளம் இல்லை, சம்பளத்திலிருந்து வீட்டுக்கு ஒதுக்கிய பங்கு. மிச்சம் அவர் பெயரில் ரெஜிமெண்டுப் பேரேட்டில் நிற்கும். காட்டுக்குள் செலவழிக்க என்ன இருக்கிறது, புகையிலை, சோப்பு, பட்டாளத்தின் சில்லறைப் பிடித்தங்கள். ஒரு பேச்சுக்கு மாதம் 6 ரூபாய் நின்றது என்று வையுங்கள், மூன்று வருடத்தில் 216 ரூபாய். டிஸ்சார்ஜ் ஆகும்போது அதை மொத்தமாகக் கையில் கொடுத்திருப்பார்கள். சித்தப்பா காதில் விழுந்த "நூறு ரூபாய்" அந்த மொத்தத் தொகையாக இருக்கலாம், மாதம் நூறு என்றால் அது சாதாரணச் சிப்பாய்க்கு எட்டாக்கனி மாதிரியான தொகை.

1917லிருந்துதான் உள்நாட்டுப் பாளையங்களிலும் இலவச ரேஷன் வந்தது. அந்த வருடமே புதிதாகச் சேருகிறவர்களுக்கு 50 ரூபாய் போனஸ் என்றும் அறிவித்தார்கள், ஆள் கிடைக்காத நெருக்கடி. உங்கள் தாத்தாவுக்கு 1916லேயே மணியார்டர் போகிறது என்றால் அந்த 50 அவருக்குக் கிடைத்திருக்காது. நேற்று வந்தவனுக்கு ஐம்பது, அந்த ஐம்பதில் முன்னாலேயே சேர்ந்தவனுக்குப் பங்கு இல்லை! இந்த மாதிரி உத்தரவுகளைப் போட்ட கை எந்தக் காலத்திலும் ஒரே கைதான் என்று எனக்குத் தோன்றும்.


அருவங்காடு பையன்:

எங்க வீட்டிலும் இதே நூறு ரூபாய்க் கதை உண்டு, ஆனா எங்க பாட்டி அதை இருநூறாக்கிட்டாங்க.

ஒரு சந்தேகம். மெட்ராஸ்காரர்களைச் சண்டைக்கு லாயக்கில்லைன்னு ஒதுக்கினதாகப் படிச்சேனே, அப்படின்னா இங்கேயிருந்து எப்படி இத்தனை பேர் போனாங்க? 61ன்னு நம்பர் எங்கேயிருந்து வந்தது? மெட்ராஸ் படையில் அத்தனை பட்டாளமா இருந்தது?


பழைய குமாஸ்தா:

ஒதுக்கியது உண்மை. ராபர்ட்ஸ் என்ற தளபதி 1880களில் முதலில் மெட்ராஸ் படைக்கும், பிறகு இந்தியப் படை முழுமைக்கும் தலைமையில் இருந்தவர், அவருக்குத் தென்னாட்டுக்காரன் மேல் நம்பிக்கையே கிடையாது. பஞ்சாபி, கூர்க்கா, பட்டாணி என்று வடக்கே தேடிப்போய் இங்கே பட்டாளங்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் பெரும்பாலும் சாப்பர்களும் பயனியர்களும், அதாவது பாலம் கட்ட, பாதை போட, அகழி வெட்டத் தெரிந்தவர்கள். துப்பாக்கியும் தோளில், மண்வெட்டியும் கையில். பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்களுக்குச் செய்த வேலைக்கென்று தனிப்படியும் உண்டு, அதனால் ஊரில் விவரம் தெரிந்த பையன்கள் சாப்பரில் சேரத்தான் ஆசைப்படுவார்கள்.

61 என்பது 1903ல் இந்தியப் படையின் தலைமைத் தளபதி கிச்சனர் எல்லாப் பட்டாளங்களையும் ஒரே வரிசையில் எண் போட்டபோது வந்தது. மெட்ராஸ் காலாட்படை எண்களோடு 60ஐக் கூட்டினார்கள், முதலாவது பயனியர் 61 ஆனது, அவ்வளவுதான். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியர் வசம் இருந்த தாங்கா துறைமுகத்தில் இறங்கி ஆங்கிலேயர் வாங்கிக் கட்டிக்கொண்ட சண்டையில் இந்த 61ம் இருந்தது, 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் இருந்தது. தேனீக்கள் கொட்டி ஆட்கள் சிதறி ஓடிய சண்டை என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. பாளையங்கோட்டைக்காரர்கள் ஓடினார்கள் என்று எழுதிய வெள்ளைக்காரர்கள், சரியான வரைபடமும் வேவுத் தகவலும் இல்லாமல் அவர்களைக் கரையில் இறக்கிவிட்ட ஜெனரலைப் பற்றி அவ்வளவு சூடாக எழுதியதாகத் தெரியவில்லை. சரி, அது வேறு திரிக்கான விஷயம்.


வெலிங்டன்வாசி:

வெள்ளைக்காரச் சிப்பாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் பாரக்ஸ் பக்கத்திலேயே வளர்ந்தவன், இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்துகிற ஒன்று.

முதலில் ஓர் எளிய வழி சொல்கிறேன். அப்போது ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டி வைத்திருந்தார்கள். அதாவது 16 பென்ஸ். ரூபாய்க்கு 16 அணா. ஆக ஒரு பென்னி ஒரு அணா, அவ்வளவுதான், மனக்கணக்காகவே போட்டுவிடலாம். (1917க்குப் பிறகு வெள்ளி விலை ஏறி ரூபாய் மதிப்பும் ஏறியதால் இது ஒத்து வராது.)

பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் 1914ல் நாளுக்கு 1 ஷில்லிங். 12 பென்ஸ், 12 அணா. முப்பது நாளைக்கு 22 ரூபாய் 8 அணா. நம் ஆளைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே. "அவ்வளவுதானா, பெரிய வித்தியாசம் இல்லையே" என்று தோன்றும். ஆனால் அவனுக்கு ரொட்டியும் இறைச்சியும் எப்போதுமே அரசாங்கச் செலவு. குளிர் தெரியாத கல் பாரக்ஸ், அதுவும் எங்கே, ஜெகதளா மேட்டில்! 1850களில் கட்ட ஆரம்பித்ததே அதற்குத்தான், கீழே வெயிலில் வதங்கிய வெள்ளைக்காரச் சிப்பாய் உடம்பு தேற்றிக்கொள்ள. பெயரையும் வெலிங்டன் என்று மாற்றிவிட்டார்கள். அதன் மேல் துப்பாக்கி சுடுவதில் தேறினால் திறமைப்படி நாளுக்கு 3 பென்ஸ் அல்லது 6 பென்ஸ்.

உண்மையான இடைவெளி மனைவி விஷயத்தில்தான். போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் சிப்பாய் மனைவிக்குப் பிரிவுப்படி என்று வாரம் 12 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தார்கள், பிள்ளை இருந்தால் அதற்குத் தனியாக. அந்தப் பன்னிரண்டரையில் மூன்றரை ஷில்லிங் புருஷன் சம்பளத்தில் பிடித்தது, மிச்சம் 9 ஷில்லிங் அரசாங்கம் போட்டது. நம் கணக்கில் மொத்தம் 150 அணா. 9 ரூபாய் 6 அணா, வாரத்துக்கு! பிள்ளை இல்லாத ஒரு ஆங்கிலேயச் சிப்பாயின் பெண்டாட்டி ஒரு வாரத்தில் வாங்கியது, குண்டு பறக்கும் இடத்தில் நின்ற நம் சிப்பாயின் மாத அடிப்படைச் சம்பளத்தை நெருங்குகிறது. கோடமலை அவர்களின் கொள்ளுப்பாட்டிக்கு வந்த 5 ரூபாயோ முழுக்க முழுக்க புருஷனுடைய காசு, அரசாங்கம் ஒரு அணா சேர்க்கவில்லை.

ஆஸ்திரேலியாக்காரர்களைப் பார்த்தால் இன்னும் வயிறு எரியும். அவர்களுக்கு நாளுக்கு 6 ஷில்லிங், அதில் ஒன்றை மட்டும் டிஸ்சார்ஜ் வரை நிறுத்தி வைப்பார்கள். 72 அணா, நாலரை ரூபாய், ஒரு நாளைக்கு. மாதம் 135 ரூபாய். கல்லிப்போலியில் அவர்களுக்குத் தண்ணீரும் குண்டும் சுமந்து கொடுத்தது நம் கோவேறு கழுதைப் படை. ஒரே மலைச்சரிவு, ஒரே துருக்கிக்காரன் சுடுகிறான். உங்கள் சித்தப்பாவிடம் சொல்லுங்கள், மாதம் நூறு ரூபாய் வாங்கிய சாதாரணச் சிப்பாய் அந்தப் போரில் நிஜமாகவே இருந்தான், நம்ம ஊர்க்காரன் இல்லை.


நாணயப்பெட்டி:

"இன்றைய மதிப்பில் எவ்வளவு" என்று அடுத்து யாராவது கேட்கத்தான் போகிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கால வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை, 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. தங்கத்தில் பார்த்தால் இன்னும் சுலபம், சவரன் நாணயம் ஒன்று 15 ரூபாய் என்பது அப்போதைய சட்ட விலை. ஆக நம் சிப்பாய் சம்பளம் மாதம் முக்கால் பவுனுக்கும் கொஞ்சம் குறைவு. வெள்ளைக்காரன் ஒன்றரைப் பவுன். ஆஸ்திரேலியன் ஒன்பது பவுன். இன்றைக்கு நகைக்கடை போர்டில் என்ன போட்டிருக்கிறதோ அதால் பெருக்கிக்கொள்ளுங்கள், முக்கால் பவுனே இன்றைக்குச் சின்னக் காசா என்ன?

இன்னொரு விஷயம். போர் முற்றிய சமயத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்துதான் 1917 கடைசியில் முதன்முதலாக ஒரு ரூபாய் நோட்டே அடித்தார்கள். அடுத்து 2 ரூபாய் 8 அணா நோட்டு ஒன்று வந்தது, அந்த விசித்திரம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. டிஸ்சார்ஜ் காசை நோட்டாகக் கொடுத்திருந்தால் உங்கள் தாத்தா முகம் சுளித்திருப்பார், கிராமத்தில் தட்டிப் பார்க்காத காசை யார் நம்புவார்கள். பெட்டியில் அந்த நோட்டு ஏதாவது கிடந்தால் தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.


பழைய குமாஸ்தா:

நாணயப்பெட்டி அவர்களே, பவுன் கணக்கு கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் சிப்பாய் வீட்டில் பவுனை உலையில் போடவில்லை. இந்த நூறு வருடத்தில் அரிசி விலை ஏறிய வேகம் வேறு, தங்கம் ஏறிய வேகம் வேறு. தங்கத்தை வைத்துப் பெருக்கினால் 1914 சிப்பாய் இன்றைய அரசு ஊழியர் ரேஞ்சுக்குத் தெரிவான், அது நியாயமில்லை.

அதைவிட, போர் நடந்த நாலு வருடத்திலேயே அந்த 5 ரூபாய் மணியார்டர் சுருங்கிக்கொண்டே போனதைப் பார்க்க வேண்டும். தானியம், துணி, மண்ணெண்ணெய், உப்பு எல்லாம் தாறுமாறாக ஏறின, கப்பல்கள் போருக்குப் போய்விட்டன, ரயில் வண்டிகளில் ராணுவச் சரக்கு. 1918 செப்டம்பரில் மெட்ராஸ் பட்டணத்திலேயே ஜனங்கள் கடைகளைச் சூறையாடினார்கள். அதே சமயத்தில்தான் இன்ஃபுளுயன்சா காய்ச்சலும் வந்து வீடு வீடாக வாரிக்கொண்டு போனது. மலையில் விளைவது காப்பியும் தேயிலையும், அரிசி மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர வேண்டும். சமவெளியில் ஏறிய விலை இங்கே இன்னும் ஒரு படி கூடத்தான் இருந்திருக்கும். 1914ல் அந்த 5 ரூபாய்க்கு வந்த மூட்டை 1918ல் வந்திருக்காது. சம்பளம் அதே, அனுப்பிய தொகை அதே, வீட்டில் அடுப்பு எரிந்த நாள் மட்டும் குறைவு. கொள்ளுப்பாட்டி எப்படிச் சமாளித்தார் என்று வீட்டில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், தோட்ட வேலைக்குப் போயிருப்பார் என்பது என் ஊகம்.


மலைச்சாரல்:

எல்லோரும் சிப்பாயைப் பற்றியே பேசுகிறீர்கள். மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போன 92 ஆயிரம் சொச்சம் பேரில் 41 ஆயிரம் பேருக்கு மேல் துப்பாக்கியே பிடிக்காதவர்கள். சமையல், தண்ணீர் சுமப்பது, கழுதை ஓட்டுவது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது, சலவை, கூட்டிப் பெருக்குவது. எங்கள் அம்மா வழித் தாத்தாவின் அப்பா அப்படி மெசபடோமியாவில், இன்றைய ஈராக்கில், மூட்டை சுமந்தவர். அவர்களுக்கு வைத்த பெயரே "பின்தொடர்பவர்கள்". சம்பளமும் சோறும் உடுப்பும் சிப்பாய்க்குக் கீழேதான், காய்ச்சலும் குண்டும் மட்டும் சமம்.

இதில் ஒரு கோணல் உண்டு. 1917ல் பிரான்ஸுக்குத் தொழிலாளர் படை திரட்டியபோது சாதாரணத் தொழிலாளிக்கே மாதம் 20 ரூபாய் என்று பேசித்தான் ஆள் எடுத்தார்கள், பெரும்பாலும் வடகிழக்கு மலைகளிலிருந்தும் பீகார் பக்கமிருந்தும். அதாவது மண்வெட்டி மட்டும் பிடித்தவனுக்கு, மண்வெட்டியும் துப்பாக்கியும் பிடித்த உங்கள் பயனியரைவிட அதிகம். கடல் தாண்ட ஆள் வரவில்லை என்றால் கூலி தானாக ஏறும், கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் பிடித்த நம் மலைக்காரர்களுக்கு இது புதிதா என்ன.

கோடமலை, மெடல் ஏதாவது இருக்கிறதா? மன்னர் தலை போட்ட போர் மெடலைச் சிப்பாய்களுக்கு வெள்ளியிலும், தொழிலாளர் படைக்காரர்கள் பலருக்கு வெண்கலத்திலும் அடித்தார்கள். எங்கள் வீட்டில் இருப்பது வெண்கலம். விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், எண், பதவி, பெயர், பட்டாளம் எல்லாம் பொறித்திருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த எழுத்துதான் முதலில் போகும்.


கோடமலை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மெடல் இரண்டு இருக்கிறது, ஒன்று வெள்ளி, ஒன்று செம்பு நிறத்தில் வானவில் மாதிரி ரிப்பன் தொங்குவது. விளிம்பில் 61 தெளிவாகத் தெரிகிறது. கொள்ளுப்பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தது உண்மைதான், குமாஸ்தா அய்யா எப்படிச் சொன்னாரோ, அத்தைதான் உறுதி செய்தார்.

சித்தப்பாவிடம் ஆஸ்திரேலியக் கணக்கைச் சொன்னேன். "பாத்தியா, நூறுக்கு மேல கொடுத்திருக்கான்ல" என்கிறார். என்ன செய்ய.

இரண்டு கேள்வி பாக்கி. இவருடைய சர்வீஸ் விவரம் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டு சென்டரில் கிடைக்குமா? நிலம் அவர் காசு கொடுத்து வாங்கியதா, போருக்குப் போனதற்கு அரசாங்கம் கொடுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?


வெலிங்டன்வாசி:

வெலிங்டனில் தேடி அலைய வேண்டாம். மெட்ராஸ் ரெஜிமெண்டு சென்டர் இந்த மலைக்கு வந்ததே 1947ல்தான், அதுவும் காலாட்படை. பிளாக் பிரிட்ஜ் பக்கம் நினைவுச் சின்னத்துக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம், காகிதம் கிடைக்காது. பயனியர் பட்டாளங்களை 1933ல் கலைத்துவிட்டார்கள், ஆட்களில் ஒரு பகுதி பெங்களூர் சாப்பர்களோடு சேர்ந்தது. கேட்டுப் பார்ப்பதென்றால் அந்தச் சாப்பர் படையின் இன்றைய வடிவமான, பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு, மெடலில் உள்ள எண்ணையும் பெயரையும் அப்படியே எழுதிக் கடிதம் போடுங்கள். உயிரோடு திரும்பிய சாதாரணச் சிப்பாய்க்குத் தனி ஃபைல் இத்தனை காலம் நிற்பது அபூர்வம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டே எழுதுங்கள். போரில் இறந்தவர்கள் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயர் போட்டே தேடலாம், இது மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.


பழைய குமாஸ்தா:

நில விஷயத்துக்குப் பட்டாளமே வேண்டாம் தம்பி. பஞ்சாபில் கால்வாய்ப் பாசனக் காலனிகளில் முன்னாள் சிப்பாய்களுக்குச் சதுரம் சதுரமாக நிலம் கொடுத்தார்கள், அதைக் கேட்டுத்தான் இங்கேயும் "வெள்ளைக்காரன் கொடுத்த நிலம்" என்று பல வீட்டில் பேச்சு. உங்களுடையது எது என்று காகிதம் சொல்லிவிடும். விலைக்கு வாங்கியது என்றால் கிரயப் பத்திரம் பதிவாகியிருக்கும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய சர்வே எண்ணையும் தாத்தா பெயரையும் கொடுத்துத் தேடச் சொன்னால் நகல் கிடைக்கும். பழைய புத்தகம், தேடு கட்டணம் கேட்பார்கள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை நடக்க விடுவார்கள், பொறுமையாக இருங்கள். அரசாங்கம் ஒப்படை செய்தது என்றால் அங்கே ஒன்றும் இருக்காது, தாலுக்கா அலுவலகத்துப் பழைய கணக்கில் தேட வேண்டும்.

பத்திரம் கிடைத்தால் அதில் இரண்டு வரி மட்டும் பாருங்கள். ஒன்று தேதி. 1919 டிஸ்சார்ஜுக்குப் பக்கத்தில் இருந்தால் பேரேட்டில் நின்ற காசுதான் அது. இன்னொன்று கிரயத் தொகை. இருநூறு, முந்நூறுக்குள் இருந்தால் நான் போட்ட கணக்கோடு ஒத்துப்போகும். அதற்கு மேலே நிறையப் போனால் கடன் வாங்கினாரா, கொள்ளுப்பாட்டியின் கொழுந்துக் காசு சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பத்திரத்திலேயே "ரொக்கம் இவ்வளவு, பாக்கி இவ்வளவு" என்று எழுதும் வழக்கம் உண்டு.


கோடமலை:

சரி அய்யா, அடுத்த வாரம் கோத்தகிரி போய் மனு கொடுக்கிறேன். சித்தப்பாவும் கூட வருகிறேன் என்று கிளம்பிவிட்டார், தேடு கட்டணத்தையும் அவரே கட்டுகிறாராம். நகல் வந்ததும் தொகையை இங்கேயே போடுகிறேன்.